பத்திரமான சம்பளம்

மேல்மாடியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது ஏசிக்காரர் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில், குளிர்பெட்டிக்கு அடியிலிருந்த தண்ணீர்த் தட்டை இழுத்து வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வங்கியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்த அறை அது. அவற்றுக்குச் சூடு ஆகாது. எந்நேரமும் அந்த அறையைக் குளிராக வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் இவர். கோடையிலும் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகிற மனிதர் என்று தெருவில் அவரைக் கேலி செய்வார்கள். வங்கிக்குள் கேலி செய்யும் அளவுக்குக்கூட யாருக்கும் அவரைத் தெரியாது.

"என்னையா? எதுக்கு?"

"தெரியல. ஊதிய ஒழுங்குத் துறையில கூப்பிடறாங்க. ஃபைல் எல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க."

ஃபைல் என்றதும் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். மனைவிக்கு இது ஏழாவது மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கையை விரித்த பிறகு தங்கிய பிள்ளை. கடைசி மாதத்தில் எந்த நேரமும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரலாம், பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இந்தச் சமயம் பார்த்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் எங்கே போய் நிற்பது? லிஃப்ட் பதினோராம் மாடிக்கு ஏறும்வரை அவர் நினைத்துக்கொண்டு போனது அதைத்தான். வேலையை விட்டு நிறுத்துவதைவிட மோசமாக இவர்களால் ஏதாவது செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஊதிய ஒழுங்குத் துறையின் தலைவி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த அம்மாளைக் கட்டடம் முழுக்க ஒழுங்கு மேடம் என்றுதான் சொல்வார்கள்.

"வாங்க சார். உக்காருங்க."

தனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று ஏசிக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கம்பளத்தில் அவருடைய ஈரச் செருப்பின் தடம் வாசல்வரை தெரிந்தது. மேடம் அதைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை, அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இடத்தில் விதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முன்னொரு சமயம் சில வங்கிகள் கவிழ்ந்தன. கவிழ்த்தவர்கள் பை நிறைய ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு கடலோர வீடுகளுக்குக் குடிபோனார்கள். பணம் போட்டவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். அப்போது வங்கிகளைக் கண்காணிக்கிற நிதி ஆணையம் தூக்கம் கலைந்து ஒரு விதி கொண்டுவந்தது. தன் ஒரே செயலால் வங்கியை ஆட்டிவைக்கக்கூடியவர் யார் யார் என்று ஒவ்வொரு வங்கியும் கண்டுபிடித்து, அவர்களுக்கு 'இடர் ஏற்பாளர்' என்று பெயர் சூட்ட வேண்டும். அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பல வருஷம் நிறுத்தி வைக்க வேண்டும். வங்கி நன்றாக இருந்தால் பிறகு கொடுக்கலாம், கவிழ்ந்தால் கொடுத்ததையும் திரும்ப வாங்கலாம். விதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுதியவர்கள் நல்லவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வங்கிக்குள் நுழைந்து பார்த்தவர்களாகத்தான் தெரியவில்லை.

"முதல்ல நம்ம வங்கித் தலைவர்கிட்டேர்ந்துதான் ஆரம்பிச்சோம்," என்றார் ஒழுங்கு மேடம். "பாத்தா, அவர் தனியா ஒண்ணுமே செய்யறதில்லை. கடன் குடுக்கறது கடன் குழு. அதுக்கு வழி சொல்றது ஆலோசனைக் குழு. ஆலோசனைக் குழு, தலைவர் மனசுல என்ன இருக்குன்னு கேட்டுக்கும். மனசுல இருக்கறது செயல் ஆகாதில்லையா? சரி, குழுவோட சம்பளத்தை நிறுத்தலாம்னா, குழுவுக்குச் சம்பளமே கிடையாது. வந்து உக்காந்ததுக்குப் படி மட்டும்தான்."

"அப்படிங்களா மேடம்," என்றார் ஏசிக்காரர். வேறு என்ன சொல்வது?

"இப்படியே ஒவ்வொரு மாடியா இறங்கி வந்தோம். எங்க பாத்தாலும் குழு. சோர்ந்தே போயிட்டோம். பட்டியல் காலியா போனா ஆணையம் ஏத்துக்காது. கடைசியில தரைக்குக் கீழ வந்தா, கடவுளே, நீங்க இருக்கீங்க! யாரையும் கேக்காம, கூட்டம் போடாம, உங்க கையாலயே சுவிட்சைப் போடறீங்க, அணைக்கறீங்க. நீங்க அதை அணைச்சுட்டுப் போயிட்டா என்ன ஆகும்?"

"கம்ப்யூட்டர் சூடாகும்."

"அப்புறம்?"

"நின்னுடும்."

"வங்கி?"

"அதுவும் நின்னுடும்னு நினைக்கறேன்."

மேடம் கைதட்டினார். பக்கத்து அறையிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்து அவர்களும் கைதட்டினார்கள்.

"நான் அணைக்க மாட்டேனே மேடம்!"

"மாட்டீங்கதான். முடியுமா முடியாதாங்கறதுதான் விதி."

சம்பளத்தில் பத்துக்கு ஆறு பங்கு, ஏழு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கப்படும் என்று சொன்னார்கள். ஏசிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிரசவச் செலவு இருக்கிறது, ஏழு வருஷத்தில் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"பாத்தீங்களா, இப்பவே நீண்டகால நோக்கு வந்துடுச்சு," என்று மேடம் பூரித்துப் போனார்.

வீட்டில் அவர் மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிற ரகம் இல்லை.

"ஏங்க, சம்பளத்தைக் கூட்டினாங்களா, குறைச்சாங்களா? அதைச் சொல்லுங்க."

"சம்பளம் குறைஞ்சிருக்கு. மரியாதை கூடியிருக்கு."

"மரியாதையைக் கொண்டுபோய்க் கட்டினா ஆஸ்பத்திரியில சேத்துக்குவாங்களா?"

மறுநாளே அவள் கழுத்திலிருந்ததை விற்று ஒரு பழைய தையல் மெஷின் வாங்கினாள். அக்கம்பக்கத்தில் திரைச்சீலை, தலையணை உறை என்று வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். அவளுடைய அண்ணனும் மாதாமாதம் ஏதோ தன்னால் ஆனதை அனுப்புவதாகச் சொன்னான். எப்படியும் சமாளித்துவிடலாம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பட்டியலை ஆணையம் ஏற்றுக்கொண்டதும் வங்கியில் ஒரு விழா எடுத்தார்கள். தலைவர் அவருக்குப் பூங்கொத்து கொடுத்து, தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே! நான் இந்த நாற்காலியில் அமர்ந்த நாள்முதல் இன்றுவரை ஒரு முடிவுகூட எடுத்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். முடிவுகள் வரும், போகும். நான் இருப்பேன். என் சம்பளம் இடரே இல்லாத சம்பளம். அது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று சில பத்திரிகைகள் கேட்கின்றன. பத்திரமான பொருளுக்கு விலை அதிகம், அவ்வளவுதான். இதோ நிற்கிறாரே, இவர்தான் தைரியசாலி. நம் எல்லோருடைய இடரையும் தன் ஒருவர் தலையில் சுமப்பவர். இவரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருக்கிறது."

அவர் நிம்மதியாக இருந்தது முகத்திலேயே தெரிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் நிம்மதியாகத்தான் தெரிந்தார்கள். ஏசிக்காரர் பூங்கொத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தார்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் அவர் ஒரு தாள் எழுதித் தர வேண்டியிருந்தது. 'இன்று நான் ஏற்ற இடர்' என்று தலைப்பு. முதல் சில நாட்கள் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"இடர் ஏற்பாளர் இடரே எடுக்கலைன்னா என்ன அர்த்தம் சார்? ஒண்ணு, மறைக்கறீங்க. இல்லைன்னா, வேலையே செய்யாம சம்பளம் வாங்கறீங்க. இதுல எதுன்னு எழுதிக்கட்டும்?"

பயந்துபோய், அன்றைக்கு யோசித்து யோசித்து, 'குளிர் தாங்கவில்லை, ஒரு டிகிரி கூட்டி வைத்தேன்' என்று எழுதினார். மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதையே ஒழுங்குத் துறை நல்ல நடையில் திருத்தித் தட்டச்சு செய்து கொண்டுவந்தது. 'வங்கியின் உயிர்நாடியான கட்டமைப்பில் தன்னிச்சையாக மாற்றம் செய்தேன்' என்று அதில் இருந்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். ஃபில்டரைக் கழுவியது 'பாதுகாப்பு அரணை அகற்றியது' ஆயிற்று. அதற்கும் போட்டார்.

ஒருநாள் மேடம் வேறு ஒரு தாளை நீட்டினார்.

"கடலுக்குள்ள ஒரு துறைமுகம் கட்டறதுக்கு நம்ம வங்கி கடன் குடுத்திருக்கு. பெரிய கடன். கம்பெனி நம்ம தலைவரோட சம்பந்தியோடது. துறைமுகம் இன்னும் வரலை. கடலுக்குள்ளயும் போய்ப் பாத்துட்டாங்க, இல்லை. யார் குடுத்த கடன்னு தெரியாம அநாதையா கிடக்கு."

"எனக்கும் அதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"பதறாதீங்க. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பணம் போன அன்னிக்கு, போன நிமிஷத்துல, கம்ப்யூட்டர் ஓடிட்டிருந்துச்சா?"

"ஓடாம எப்படிங்க பணம் போகும்?"

"யார் அதை ஓட விட்டது?"

அறையை எத்தனை டிகிரியில் வைத்திருந்தீர்கள் என்று மேடம் கேட்டார். ஏசிக்காரர் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். உண்மையைத்தானே சொன்னோம், உண்மை சொன்னவனுக்கு என்ன பயம் என்று தேற்றிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் பேனாவைத் திருப்பிக் கொடுத்ததும் ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். குளிர் இல்லாத அறை அது.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அடுத்த வாரம் போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"தாராளமா. ஆனா நீங்க விலகறது வங்கிக்கு எவ்வளவு பெரிய இடர் தெரியுமா? அந்த இடரை எடுக்கறதும் நீங்கதான். அதுக்குத் தனியா பிடித்தம் இருக்கு. கணக்குப் பாத்துச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். லிஃப்டில் இருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்ததும் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் மேஜை காலியாயிற்று. வாசலில் வருஷக்கணக்காக வணக்கம் சொன்ன காவலாளி இப்போது வானத்தைப் பார்த்தான்.

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில், ஒழுங்கு மேடம் இரண்டு ஆட்களோடு அவர் வீட்டுக்கே வந்தார். இருந்த ஒரே அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். தையல் மெஷின் முன்னால் நின்றார்கள்.

"இது எதுக்கும்மா?"

"தைக்கறதுக்கு," என்றாள் ஏசிக்காரர் மனைவி.

"எப்ப வாங்கினது?"

"இவர் சம்பளத்தை நீங்க பிடிச்சப்புறம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதியில் இதற்கு 'முட்டுக்கொடுத்தல்' என்று பெயர். பெரிய அதிகாரிகள் நிறுத்திவைத்த பணத்தை வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்வார்கள் என்று பயந்து யாரோ எழுதியது. இடர் ஏற்பாளரோ அவர் குடும்பமோ, சம்பளம் குறைந்த குறையை வேறு எந்த வழியிலும் நிரப்பிக்கொள்ளக் கூடாது. தையல் ஒரு முட்டு. அண்ணன் அனுப்பும் பணம் இன்னொரு முட்டு.

"தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் மேடம் அன்பாக. "வலி தெரியணும். வலி தெரிஞ்சாத்தான் உங்க வீட்டுக்காரர் வங்கியை ஜாக்கிரதையா பாத்துக்குவார்."

"வயித்துல இதை வெச்சுக்கிட்டு உக்காந்து தைக்கறேன். எனக்கா வலி தெரியாது?"

"உங்க வலி கணக்குல வராதும்மா. நீங்க தொடர்புடையவர் மட்டும்தான்."

மெஷினின் சக்கரத்தையும் ஊசியையும் சேர்த்து ஒரு பட்டையான டேப்பைச் சுற்றி, அதன்மேல் முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். பாதி தைத்த திரைச்சீலை அதிலேயே மாட்டிக்கொண்டு தொங்கியது. டாக்டரம்மா கேட்ட பணத்தில் கால்வாசிகூட இன்னும் சேரவில்லை. அன்றைக்கு அவர் மனைவி அழுதாள். எதற்கும் அழாதவள் அவள். ஏசிக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பிறகு வங்கியில் மேல்மாடிகளுக்கு ஏசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் பதினோராம் மாடி, அடுத்து பத்து. ஏன் என்று கேட்டால், அங்கே இப்போது யாரும் உட்காருவதில்லை என்றார்கள். தலைவர் உடல்நலத்துக்காக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். கடன் குழு கலைந்துவிட்டது. கலைந்ததற்கும் படி வாங்கிக்கொண்டார்கள் என்று பேச்சு. நாற்காலிகள், படங்கள், கம்பளங்கள் எல்லாம் பின்வாசல் வழியாக லாரி ஏறின. ஒருநாள் காலையில் ஏசிக்காரர் வந்தபோது, வங்கி வாசலிலிருந்து தெருமுனைவரை பணம் போட்டவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் சத்தமே இல்லை. வங்கியை மூடிவிட்டதாகக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கவாசல் வழியாக அவர் உள்ளே போய்க் குளிர்பெட்டியை ஓடவிட்டார். ஆதாரங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, ஓடாவிட்டால் அதுவும் உங்கள் தலையில்தான் விடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

விசாரணைக்கு ஆணையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஏசிக்காரரை மனைவியோடு வரச் சொன்னார்கள். அவளுக்கு நிறைமாதம். மாடிப்படி ஏறி வந்தவளைப் பார்த்ததும் அதிகாரி, கொஞ்சம் சாய்ந்து உட்காருகிற மாதிரி நல்ல நாற்காலியாகக் கொண்டுவரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர் குரலில் அலட்சியம் இல்லை. ஏசிக்காரருக்குப் பல நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. மூலையில் ஒழுங்கு மேடம் மட்டும் இருந்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"ஏசி பாக்கறேன் சார்."

"அதைத் தவிர?"

"அதைத் தவிர ஒண்ணுமில்லை சார். ஃபில்டர் கழுவுவேன். தண்ணி கொட்டுவேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மேடத்தைப் பார்த்தார். மேடம் சுவரைப் பார்த்தார். அதிகாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று ஏசிக்காரருக்குத் தெரிந்தது. அவர் மனைவிக்கும் தெரிந்தது, அவள் அவர் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தாள். அதிகாரி ஃபைலைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். அங்கே இருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பட்டியலுக்கு ஆணையத்துல ஒப்புதல் குடுத்தது நான்தான்," என்றார் மெதுவாக. "இது என் கையெழுத்து."

"பட்டியல் தப்புன்னா, நான் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு ஆயிடும். அது பெரிய இடர் இல்லையா? நான் இடர் ஏற்பாளர் இல்லையே." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதனால பட்டியல் சரிதான். வங்கி எல்லா விதியையும் ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கு. இவ்வளவு சுத்தமான கணக்கை நான் வேற எந்த வங்கியிலயும் பாத்ததில்லை. ஒவ்வொரு இடருக்கும் கையெழுத்து இருக்கு."

ஏசிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவிதான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒரு சந்தேகம் சார். இந்த வங்கியைக் கவுத்தது இவர்தான்னு எழுதியிருக்கீங்க. அப்ப இத்தனை வருஷம் நடத்துனதும் இவர்தானே? நடத்துனதுக்கு உண்டான சம்பளம் எங்க?"

"அது தலைவருக்குப் போயிடுச்சும்மா."

"அதைத் திருப்பி வாங்குங்களேன்."

"அது இடர் எடுக்காதவங்க வாங்கின சம்பளம். அதுல கை வைக்க விதியில வழியில்லை. வழி இருந்தா செய்ய மாட்டேனா?" அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "இவர் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து வாங்கின சம்பளத்தைத்தான் திரும்ப வாங்கணும். துறைமுகக் கடனும் இவர் பேர்ல சேரும்."

"எங்ககிட்ட என்ன இருக்குன்னு வாங்குவீங்க? பிரசவத்துக்கே வழியில்லாம நிக்கறோம்!"

"இப்ப ஒண்ணும் இல்லைன்னு தெரியும்மா. விதியை எழுதினவங்க அதையும் யோசிச்சுத்தான் வாரிசுன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க."

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார்.

"எப்ப?"

அவள் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். இந்த மாதக் கடைசியில் என்று ஒழுங்கு மேடம் ஃபைலைப் பார்த்துச் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம். நல்லபடியா பொறக்கட்டும்," என்று அதிகாரி மனதாரச் சொல்லிவிட்டு, ஒரு புதுத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "பேர் ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

ஒன்பது வருஷமாக அவர்கள் யோசித்திருந்தார்கள். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று. யார் கேட்டாலும் சொல்லக் காத்திருந்த பெயர்கள். பழக்கத்தில் அவள் உதடு பிரிந்தது. ஏசிக்காரர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இல்லை சார். பேர் எதுவும் வைக்கலை," என்றார்.

பொய். தெரிந்தே, யாரையும் கேட்காமல், முகத்துக்கு நேராகச் சொன்ன பொய். அவள் கையைப் பிடித்த அவர் பிடி தளரவே இல்லை.

"பரவாயில்லை," என்றார் அதிகாரி. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மற்ற கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். மை காயும்வரை ஊதினார். "நீங்க நிதானமா யோசிச்சு நல்ல பேரா வைங்க. ஒரு அவசரமும் இல்லை. வெச்சதும் நாங்களே வந்து எழுதிக்கறோம்."

"வீடு எனக்குத் தெரியும் சார்," என்றார் ஒழுங்கு மேடம்.